முக்கால் ஏக்கர் மனை: மண் இடம் கொடுக்குமா?

கேள்வி: வட கரோலினாவில் கேரியில் வசிக்கிறோம். பக்கத்துச் சாத்தம் கவுண்டியில் முக்கால் ஏக்கர் மனை ஒன்று பார்த்திருக்கிறோம். 'கன்சர்வேஷன் சப்டிவிஷன்' என்கிறார்கள். பாதி நிலத்துக்கு மேல் காடாகவே இருக்குமாம். சொந்தக் கிணறு, செப்டிக் டேங்க். "எல்லா மனையும் பெர்க் ஆகும்", அதாவது மண் கழிவுநீரை உறிஞ்சிக்கொள்ளும், என்கிறார் ஏஜென்ட். வாங்கலாமா?
- ஒரு வாசகி, கேரி

பதில்: ஏஜென்ட் வாய்வார்த்தையை வைத்து வாங்காதீர்கள். மண் பார்ப்பதே தொழிலாக இருப்பவள் சொல்கிறேன்.

இந்த வகை லேஅவுட் எனக்கு மிகவும் பிடித்தது. வீடுகளை நெருக்கமாக வைத்து, மிச்ச நிலத்தில் என்றைக்கும் கட்டடம் வராதபடி பத்திரத்திலேயே எழுதிவிடுவார்கள். 1990களில் இதைப் பரவலாக்கிய நிலத் திட்டமிடல் நிபுணர் ராண்டல் ஆரென்ட் ஒரு வரிசை சொன்னார்: முதலில் காக்க வேண்டிய நிலம், அப்புறம் வீடுகள், அப்புறம் சாலை, மனைக்கோடு கடைசியில். செப்டிக்கை நம்பியிருக்கும் இடத்தில் மண்ணையும் முதலிலேயே பார்த்தாக வேண்டும். பலர் கோட்டை விடுவது அங்கேதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் மாநிலத்தில் கிணற்றுக்கும், கழிவுநீரை மண்ணுக்குள் இறக்கும் ட்ரெய்ன் ஃபீல்டுக்கும் நடுவே பொதுவாக 100 அடி இருக்க வேண்டும். அதாவது கிணற்றைச் சுற்றி 100 அடி ஆரமுள்ள வட்டத்துக்குள் ஃபீல்டு வரக்கூடாது; அந்த வட்டம் சுமார் 31,400 சதுர அடி. உங்கள் முக்கால் ஏக்கரே 32,670தான். கிணற்றை மூலையில் தோண்டினால் இடம் மிஞ்சும், சரி. ஆனால் பக்கத்து மனைக் கிணறுகளின் வட்டமும் உங்கள் எல்லைக்குள் நீளுமே! இதற்கு மேல் வீடு, கார் நிறுத்துமிடம், ஃபீல்டு கெட்டுப்போனால் புதிதாகப் போட மாற்று இடம்.

அடுத்தது மண். பெர்க் என்று எல்லோரும் சொன்னாலும், உங்கள் மாநிலத்தில் குழியில் தண்ணீர் ஊற்றி நேரம் பார்த்து முடிவு செய்வதில்லை. ஆகர் என்ற மண் துளைக்கும் கருவியால் துளை போட்டு, மண்ணை விரலால் பிசைந்து, களிமண்ணின் தன்மையையும் நிறத்தையும் ஆழம் ஆழமாகப் பார்க்கிறார்கள். சாம்பல் திட்டுகள் தெரிந்தால் மழைக்காலத்தில் அந்த ஆழம்வரை தண்ணீர் நிற்கிறது என்று பொருள். கிழக்குச் சாத்தத்தில், ஜோர்டான் ஏரிப் பக்கம், டிரையாசிக் காலப் பாறையிலிருந்து வந்த மண் நிறைய உண்டு. அதில் வொயிட் ஸ்டோர் என்ற வகை, ஈரம் பட்டால் உப்பித் துளைகளை அடைத்துக்கொள்ளும் களி. இறங்க வழியில்லாத கழிவுநீர் மேலே கசிந்து வரும். அந்தப் பாறையே சிவப்பு என்பதால் மண்ணின் சிவப்பை மட்டும் பார்த்து நல்ல வடிகால் என்று நினைத்துவிடாதீர்கள்.

நல்ல மண் உங்கள் மனையில் இல்லாமல், கட்டடம் வராதபடி எல்லோருக்கும் பொதுவாக விட்ட நிலத்தில் மாட்டிக்கொள்வதும் நடக்கும். அதற்கு வழி இருக்கிறது: ட்ரெய்ன் ஃபீல்டைப் பொது நிலத்தில் புல்வெளிக்கு அடியில் போடலாம். மேலே கட்டடம் இல்லாததால் நிலம் திறந்த வெளியாகவே இருக்கும். காட்டை வெட்டி அதைச் செய்வதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். உங்கள் குழாய் போகவும் பழுதுபார்க்கவும் உரிமை தரும் ஈஸ்மென்ட் கவுண்டியில் பதிவாகியிருக்க வேண்டும். அந்த நிலத்தைக் காக்கும் பத்திரமும் அதை அனுமதிக்க வேண்டும். இரண்டையும் வக்கீலிடம் காட்டுங்கள்.

விற்பவரிடம் அந்த மனைக்கான இம்ப்ரூவ்மென்ட் பெர்மிட்டை, அதாவது அங்கே செப்டிக் போடலாம் என்ற அனுமதியை, கேளுங்கள். எத்தனை படுக்கையறைக்கு என்று அதில் இருக்கும். ஓர் அறைக்கு நாளுக்கு 120 கேலன் கழிவுநீர் என்று கணக்கு. மூன்று அறைக்கான பெர்மிட்டில் நான்கு அறை வீடு கட்ட முடியாது. பெர்மிட் இல்லையென்றால், ட்யூ டிலிஜென்ஸ் காலம் (ஒப்பந்தம் போட்டபின் மனையைச் சோதித்து, வேண்டாமென்றால் விலக உங்களுக்குத் தரும் கெடு) முடிவதற்குள் லைசென்ஸ் பெற்ற மண் நிபுணர் ஒருவரை நீங்களே அமர்த்தித் துளை போடச் சொல்லுங்கள். அந்தக் கெடு தாண்டிப் பின்வாங்கினால் கொடுத்த முன்பணம் கைவிட்டுப் போகலாம்.