கூழ் ட்ரே வேகமாக வர என்ன வழி? கேள்வி பதில்

முட்டை ட்ரே, சக்கைத் தட்டு செய்கிற நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பழைய காகிதத்தையோ கரும்புச் சக்கையையோ தண்ணீரில் கரைத்த கூழில் வலை பதித்த மோல்டை முக்கி, வேக்குவத்தால் தண்ணீரை உறிஞ்சி, வலையில் படிந்த நாரைக் கழற்றிக் காயவைப்பதுதான் இந்த வேலை. சுற்றிச் சுற்றி எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: இதே மெஷினில் ஒரு ஷிப்டுக்கு இன்னும் கொஞ்சம் கூட எடுக்க முடியுமா? முடியும். இருபது வருஷத்துக்கு மேல் இந்த மெஷின்களோடு இருந்தவன் என்பதால் தைரியமாகவே சொல்கிறேன்.

அண்ணா, மெஷின் ஸ்பீடைக் கூட்டினால் ட்ரே கிழிகிறது. கிழியாமல் ஓட்டினால் டிரையரிலிருந்து ஈரமாக வருகிறது. டிரையரை நீட்டலாமா? (கடலூர் முதுநகர்)

டிரையரில் கை வைக்காதீர்கள் தம்பி. முதலில் ஒரு டிஜிட்டல் தராசு வாங்குங்கள். மோல்டிலிருந்து கழன்ற ஈர ட்ரேயை அப்படியே நிறுத்துப் பாருங்கள். அதே ட்ரேயை முழுக்கக் காயவைத்து மறுபடி நிறுங்கள். காய்ந்தது 70 கிராம், ஈரத்தில் 280 கிராம் என்றால் அதில் நார் 25 சதவீதம்தான். மிச்சம் 210 கிராமும் தண்ணீர். வேக்குவம் நன்றாக இழுத்து நாரை 30 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் ஈர எடை சுமார் 233 கிராம். டிரையர் விரட்ட வேண்டிய தண்ணீர் 163 கிராமாக இறங்குகிறது, அதாவது 22 சதவீதம் குறைவு. டிரையரை ஓர் அங்குலம்கூட நீட்டாமல் கிடைக்கிற வேகம் இது.

ஒரு கிலோ தண்ணீரைக் கொதிநிலையில் ஆவியாக்க மட்டும் சுமார் 2,260 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும். அதே தண்ணீரை வேக்குவத்தில் உறிஞ்சி எடுக்க ஆகும் மின்சாரம் அதில் சிறு பங்கு. அதனால் டிரையருக்குப் போகுமுன் எவ்வளவு தண்ணீரை எடுக்க முடியுமோ அவ்வளவையும் எடுத்துவிட வேண்டும். ட்ரே கிழிவதற்கும் காரணம் இதே ஈரம்தான். நார் இன்னும் பிடித்துக்கொள்ளாத நிலையில் காற்றடித்துக் கழற்றினால் கிழியத்தான் செய்யும்.

தொட்டியில் கூழ் எவ்வளவு கெட்டியாக இருக்கலாம்? (வில்லியனூர்)

பல்ப்பரில், அதாவது காகிதத்தைக் கரைக்கிற தொட்டியில், நார் 4, 5 சதவீதம் இருக்கலாம். மோல்டு முங்குகிற தொட்டியில் 0.5 முதல் 1 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். 70 கிராம் நார் படிய வேண்டும் என்றால், 0.5 சதவீதக் கூழில் 14 லிட்டர் தண்ணீர் வலை வழியாகப் போக வேண்டும். 1 சதவீதத்தில் 7 லிட்டர் போதும். நேரம் எங்கே போகிறது என்று இதிலேயே தெரிகிறது. ஆனால் ஆசைப்பட்டு ஒரேயடியாகக் கெட்டியாக்கினால் நார் திரண்டு கட்டி கட்டியாகப் படியும். ஒரு மூலை தடிப்பாக, ஒரு மூலை கண்ணாடி மாதிரி வரும். தடிப்பான இடம் காயும்வரை மொத்த ட்ரேயும் டிரையரில் காத்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. நார் படியப் படிய, படிந்த நாரே தண்ணீரை மறிக்கும். அதனால் உறிஞ்சும் நேரம் எடைக்கு நேராக ஏறாமல், ஏறக்குறைய எடையின் வர்க்கமாக (எடை × எடை) ஏறும். வாங்குகிறவர் ஒப்புக்கொண்டு எடையில் 10 சதவீதம் குறைத்தால், உறிஞ்சும் நேரம் 19 சதவீதம் அளவுக்குக் குறையும். தேவைக்கு மேல் தடிப்பாகச் செய்துவிட்டு மெஷின் மெதுவாக ஓடுகிறது என்று வருந்துகிறவர்கள் நிறையப் பேர்.

காலையில் ட்ரே நன்றாக வருகிறது. மதியம் 12 மணிக்கு மேல் வேக்குவம் இறங்கிவிடுகிறது. மே மாதம் ரொம்ப மோசம். பம்ப் பழுதா? (சேதராப்பட்டு)

பம்ப் பழுதாக இருக்காது என்றுதான் எனக்குப் படுகிறது. உங்களிடம் இருப்பது வாட்டர் ரிங் பம்ப். உள்ளே சுழலும் தண்ணீர் வளையம்தான் அதற்குப் பிஸ்டன். அந்தத் தண்ணீர் சூடானால் அதுவே ஆவியாகிப் பம்புக்குள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 30 டிகிரியில் நீரின் ஆவி அழுத்தம் 32 மில்லிமீட்டர் பாதரசம், 45 டிகிரியில் 72. பம்ப் தயாரிப்பாளர்கள் திறனைச் சொல்வது பெரும்பாலும் 15 டிகிரித் தண்ணீரை வைத்து. நம் ஊர்க் கத்திரி வெயிலில், மொட்டை மாடி சின்டெக்ஸ் டாங்கியிலிருந்து நேராக வரும் தண்ணீர் என்ன சூடு இருக்கும் என்று கை வைத்துப் பாருங்கள்.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இதே கதை நடந்தது. மதியம் ட்ரே ஈரமாக வருகிறது என்று டிரையரில் இன்னொரு பர்னர் மாட்டினார்கள். டீசல் செலவு ஏறியது, உற்பத்தி ஏறவில்லை. இரண்டு மாதம் கழித்துத்தான் பம்புக்குப் போகும் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டுப் பார்த்தோம். நிலத்தடித் தொட்டிக்கு மாற்றி, ஒரு சின்னக் கூலிங் டவர் வைத்ததும் மதிய ஷிப்டும் காலை ஷிப்ட் மாதிரியே ஓடியது. அந்த இரண்டு மாதச் செலவை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

பம்புக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், கூழ்த் தொட்டிக்கோ வெதுவெதுப்பான தண்ணீர் நல்லது. 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் தண்ணீரின் பாகுத்தன்மை மூன்றில் ஒரு பங்கு குறையும். வலை வழியாகச் சீக்கிரம் இறங்கும். டிரையர் புகைபோக்கி வழியாக வீணாகும் சூட்டில் சுழற்சித் தண்ணீரைக் காய்ச்சிக்கொள்ளலாம். 40, 45 டிகிரி போதும். ஆனால் மோல்டுக்கும் பம்புக்கும் நடுவில், உறிஞ்சிய தண்ணீரைக் காற்றிலிருந்து பிரிக்கிற செபரேட்டர் டாங்கி சரியாக வேலை செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சுடுநீர் பம்புக்கே போய்ச் சேரும்.

கரும்புச் சக்கைக் கூழில் தட்டு செய்கிறேன். பேப்பர் கூழைவிடத் தண்ணீர் மெதுவாக இறங்குகிறதே? (நெல்லிக்குப்பம்)

சக்கையில் நாரோடு பித் என்கிற பஞ்சுச் சோறும் இருக்கும். அது தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், நாருக்கு இடையில் அடைத்துக்கொள்ளும். சக்கையிலிருந்து காகிதம் செய்கிற பெரிய ஆலைகள் முதல் வேலையாகப் பித்தை நீக்குவது இதனால்தான். பித் நன்றாக நீக்கிய கூழ் என்று கேட்டு வாங்குங்கள், விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. அப்புறம், கூழை அதிகம் அரைக்காதீர்கள். அரைக்க அரைக்கத் தட்டு வலுவாகும், தண்ணீர் இறங்குவது மெதுவாகும். நீள நாருள்ள கூழைக் கொஞ்சம் கலந்தால் இரண்டுக்கும் நடுவில் நிற்கலாம்.

ஹாட் பிரஸ்ஸில் (சூடான அச்சில் தட்டை அழுத்திக் காயவைப்பது) நேரம் பிடிக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். சூட்டைக் கூட்டுமுன் ஆவி வெளியேறும் துளைகளைப் பாருங்கள். அவை அடைபட்டிருந்தால் எவ்வளவு சூடு கொடுத்தாலும் ஆவி போக வழியில்லை, தட்டில் கொப்புளம் வரும்.

வெயிலில்தான் காயவைக்கிறோம். மழைக்காலத்தில் என்ன செய்வது? (குறிஞ்சிப்பாடி)

அக்கா, அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் கடற்கரையில் வெயிலை நம்ப முடியாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தபோது நாம் பட்டது தெரியும். ஒரு சிறிய சூடான காற்று அறையாவது கட்டிவிடுங்கள். உங்கள் பக்கம் சவுக்கு விறகு கிடைக்கும். புகை ட்ரேயில் படாமல் குழாய்க்குள்ளேயே போக வேண்டும், அந்தக் குழாய்க்கு வெளியே ஓடும் காற்று மட்டும் சூடாகி உள்ளே வர வேண்டும். உள்ளே ஈரக்காற்று தேங்கினால் சூடு இருந்தும் காயாது, அதனால் வெளியேற்றும் விசிறி கட்டாயம். அதே நேரம் எல்லாக் காற்றையும் வெளியே விட்டால் விறகு வீண். பாதியைத் திரும்பச் சுழற்றுங்கள். ஈரம் 8, 10 சதவீதத்துக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் காயவைத்தாலும், மழைக்காலக் காற்றில் ட்ரே ஈரத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும்.

வலை அடிக்கடி அடைக்கிறது. (அரியாங்குப்பம்)

அட்டைப்பெட்டியின் டேப், பசை. பல்ப்பரில் போடுமுன் கிழித்து எடுங்கள். ஷிப்ட் முடிவில் பின்பக்கத்திலிருந்து அழுத்தத் தண்ணீர் அடியுங்கள். கடலோர போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் 304 ரக ஸ்டீல் வலை அரிக்கும், 316 ரகம் வாங்குங்கள்.

கடன் வாங்கிச் சுழல் மெஷின் (மோல்டுகள் சுழன்றபடியே கூழில் முங்கி எழுவது) போடலாமா? (பாகூர்)

2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டிலும், 2022 ஜூலை முதல் நாடு முழுக்கவும் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சில பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருப்பதால் தேவை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. ஆனால் சுழல் மெஷின் படிய வைக்கும் நேரத்தைத்தான் மிச்சம் பிடிக்கும். உங்கள் டிரையர் இப்போதே திணறினால் ஈர ட்ரே குவியும், அவ்வளவுதான். ஒரு வாரம் மணிக்கு ஒருமுறை ஈர எடை, காய்ந்த எடை, வேக்குவம், பம்ப் தண்ணீர்ச் சூடு நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டோடு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம். அதுவரை யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.