டேலி இருக்கும் கம்ப்யூட்டருக்கு மட்டும் ஆன்டிவைரஸ் போதுமா?

ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் பற்றி டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் சில.

கடையில் ஆறு கம்ப்யூட்டர். கணக்கு சாஃப்ட்வேரான டேலி ஒன்றில்தான் இருக்கிறது, மற்றவை நெட்வொர்க் வழியாக அதைத் திறக்கின்றன. அந்த ஒன்றுக்கு மட்டும் நல்ல ஆன்டிவைரஸாகப் போட்டால் போதுமா? எதை வாங்கலாம்?
– பாத்திர மொத்த வியாபாரி, கும்பகோணம்

போதாது. டேலி டேட்டா ஃபோல்டரை ஷேர் செய்து, எல்லாரும் எழுதலாம் என்று விட்டிருப்பீர்கள். பில் போடும் பையன் மெயிலில் வந்த 'இன்வாய்ஸை' தன் கம்ப்யூட்டரில் திறக்கிறான் என்று வையுங்கள். ரேன்சம்வேர் ஓடுவது அவன் கம்ப்யூட்டரில்தான். அங்கிருந்தபடியே ஷேர் வழியாக டேலி டேட்டாவையும் பூட்டிவிடும். டேலி கம்ப்யூட்டரில் இருக்கும் ஆன்டிவைரஸுக்கோ, அனுமதி உள்ள ஒருவர் ஃபைலைத் திருத்துவது போலத்தான் தெரியும். ஆகவே ஆறுக்கும் போடுங்கள்.

டீலர் முதலில் நீட்டுவது வீட்டு உபயோகத்துக்கான பேக்காக இருக்கும். அதை விட்டுவிட்டு, அலுவலகத்துக்கான 'எண்ட்பாயின்ட் செக்யூரிட்டி' வகையைக் கேளுங்கள். எந்தக் கம்ப்யூட்டர் பத்து நாளாக அப்டேட் ஆகவில்லை என்பதை ஒரே திரையில் பார்த்துவிடலாம். பாஸ்வேர்டு இல்லாமல் யாரும் அதை நிறுத்தவோ நீக்கவோ முடியாதபடியும் வைக்கலாம். இந்த இரண்டாவதுதான் எனக்குப் பெரிது. உள்ளே நுழைந்தவன் பெரும்பாலும் முதலில் கை வைப்பது ஆன்டிவைரஸ் மேல்தான்.

சென்னையின் கே7, புனேயின் குயிக் ஹீல் (அலுவலகங்களுக்கு அவர்கள் விற்பது செக்ரைட்), ருமேனியாவின் பிட்டிஃபெண்டர் எல்லாம் பார்க்கத் தகுந்தவை. ஆன்டிவைரஸ்களைச் சோதித்துப் பார்க்கும் ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் நிறுவனம், பாதுகாப்பு, வேகம், பயன்பாடு மூன்றுக்கும் தலா 6 மதிப்பெண் வைத்து 18-க்குப் போட்டு இலவசமாக வெளியிடுகிறது. முன்வரிசை நிறுவனங்கள் பெரும்பாலும் 17-க்கு மேல்தான் வாங்குகின்றன, அரை மதிப்பெண் வித்தியாசத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 4 ஜிபி ரேம் உள்ள பழைய பெட்டி என்றால் வேகத்துக்கான மதிப்பெண்ணை மட்டும் கவனியுங்கள். அப்புறம், போன் போட்டால் ஆள் வருவாரா என்று பாருங்கள்.

காசு கொடுப்பதற்கு முன் டீலரை உட்காரவைத்து, "இதை அன்இன்ஸ்டால் செய்து காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். பாஸ்வேர்டு கேட்காமல் போய்விட்டால் பேக்கை அவரிடமே கொடுத்துவிடலாம்.

பில்லிங் சாஃப்ட்வேர்க்காரர் தஞ்சாவூரில் இருந்தபடியே சரிசெய்ய, ரிமோட் டெஸ்க்டாப் வைத்து ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்திருக்கிறார். ஆன்டிவைரஸ் இருப்பதால் பயமில்லை என்கிறார்.
– அரிசி ஆலை, மன்னார்குடி

பயப்பட வேண்டியதே இதற்குத்தான். ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட் எங்கெல்லாம் திறந்திருக்கிறது என்று தேடுவதற்கென்றே ராப்பகலாக புரோகிராம்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. கண்டுபிடித்ததும் பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும். ஆலை பெயரோடு 123 சேர்த்த பாஸ்வேர்டு என்றால் கேட்கவே வேண்டாம். அட்மினாக நுழைந்தவன், பாஸ்வேர்டு போட்டுப் பூட்டாத ஆன்டிவைரஸை இரண்டு கிளிக்கில் நிறுத்திவிடுவான். போர்ட் எண்ணை மாற்றினாலும் தேடுகிறவன் கண்டுபிடித்துவிடுவான்.

இன்றைக்கே மூடச் சொல்லுங்கள். ஒன்று, விபிஎன் (இணையத்தில் தனியாகப் பூட்டிய பாதை) வழியாக வரட்டும். இல்லையென்றால் எனிடெஸ்க் போன்ற ஒன்றில், உங்கள் ஆள் 'அக்செப்ட்' அழுத்தினால்தான் நுழையலாம் என்று வையுங்கள். சம்பா அறுவடை நேரத்தில் லாரி வரிசையில் நிற்கும்போது பில் போட முடியாமல் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நேற்று காலை எல்லா எக்செல் ஃபைலுக்கும் வால் போல வேறு பெயர் ஒட்டியிருக்கிறது. பணம் கேட்டு ஒரு குறிப்பும் இருக்கிறது. மீட்டுத் தருகிறேன் என்று ஒருவர் முன்பணம் கேட்கிறார்.
– ஐஸ் ஃபாக்டரி, நாகப்பட்டினம்

நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை நிறுத்துங்கள். ஃபார்மட் செய்யாதீர்கள். பூட்டிய ஃபைல்களையும் அந்தக் குறிப்பையும் அப்படியே தனி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். 'நோ மோர் ரேன்சம்' என்ற தளத்தை நெதர்லாந்து போலீஸும் ஐரோப்பிய ஒன்றியத்தின் போலீஸ் அமைப்பான யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016-ல் தொடங்கின. பூட்டிய ஃபைல் ஒன்றை அங்கே ஏற்றினால், இலவசச் சாவி இருக்கிறதா என்று சொல்லும். எல்லா வகைக்கும் கிடையாது. ஆனால் காசு கொடுக்கும் முன் அங்கே பார்த்துவிடுங்கள்.

சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் புகார் சொல்லுங்கள். தெரியவந்த 6 மணி நேரத்துக்குள், மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 முதல் உள்ள விதி. நேரம் தாண்டிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், இப்போதாவது எழுதுங்கள்.

முன்பணம் கேட்பவரிடம், எந்த வகை ரேன்சம்வேர், எப்படித் திறப்பீர்கள் என்று கேளுங்கள். மழுப்பினால், திருடனுக்கே பணம் கட்டிச் சாவி வாங்கி உங்களிடம் லாபம் வைக்கப்போகிறார் என்று சந்தேகப்படலாம். அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் நிறுவனம் 2021-ல் 75 பிட்காயின் கட்டியது. வந்த சாவி அவ்வளவு மெதுவாக ஓடியதால் தங்கள் பேக்கப்பிலிருந்தே வேலையைத் தொடர்ந்தார்கள்.

டிசைன் சாஃப்ட்வேரைக் காசு கொடுக்காமல் ஓட்ட கிராக் போடும்போது ஆன்டிவைரஸை ஆஃப் செய்யச் சொல்கிறது. கொஞ்ச நேரம்தானே?
– டிடிபி சென்டர், மயிலாடுதுறை

அந்தக் கொஞ்ச நேரம் போதும். 'ஸ்டாப்' என்ற ரேன்சம்வேர் குடும்பம் பரவியதே பெரும்பாலும் கிராக் வழியாகத்தான்.

விண்டோஸ் 7-ல் புது ஆன்டிவைரஸ் போட்டால் ஓட்டிவிடலாமா?
– பள்ளி அலுவலகம், திருவாரூர்

வேண்டாம். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலேயே ஆதரவு நின்றுவிட்டது, விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபரில் நின்றுவிட்டது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் பரவியபோது, அது நுழைந்த ஓட்டைக்கு மார்ச்சிலேயே அப்டேட் வந்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். ஆன்டிவைரஸுக்கான காசைப் புது கம்ப்யூட்டருக்குச் சேர்த்து வையுங்கள். விண்டோஸ் 11-ல் கூடவே வரும் டிஃபெண்டர் இரண்டு மூன்று பெட்டிக்குப் போதும். அதில் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்செஸ்' என்பதை நீங்களே ஆன் செய்ய வேண்டும். ஃபீஸ் சாஃப்ட்வேர் சேவ் ஆகாமல் மக்கர் செய்தால், அதை அனுமதிப் பட்டியலில் சேருங்கள்.

கூகுள் டிரைவில் தானாக ஏறிக்கொண்டே இருக்கிறது. இனி வேறு பேக்கப் எதற்கு?
– உரக்கடை, பாபநாசம்

பூட்டிய ஃபைலும் தானாகவே ஏறிவிடும். பழைய பிரதிகளை அது பொதுவாக 30 நாள் வைத்திருக்கும். ஆயிரம் ஃபைலை ஒவ்வொன்றாகத் திருப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இரண்டு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கி வாரம் ஒன்றாக மாற்றுங்கள், எடுத்த உடனே கழற்றிவிடுங்கள். மாதம் ஒரு தடவை வேறு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, போன மாதக் கணக்கு திறக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க்கை வீட்டுக்கு எடுத்துப்போகும் வேலையை ஒரே ஆளிடம் கொடுங்கள். 'யாராவது எடுத்துப்போவார்கள்' என்று விட்டால் அது கம்ப்யூட்டருக்குப் பின்னாலேயே செருகியபடி கிடக்கும்.