சலவை அறைக்குப் பக்கத்து அறை

அன்புள்ள அக்கா,

ஸ்வீடனில் நீங்கள் இருந்த நாட்களைப் பற்றிய கட்டுரையில், அந்த ஊர் மெட்டல் இசை பற்றி இரண்டே வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். நான் கல்லூரிக் காலத்திலிருந்து மெட்டல் கேட்பவன். ஓப்பெத், இன் ஃபிளேம்ஸ், மெஷுகா போன்ற குழுக்கள் எல்லாம் நன்றாகத் தெரியும். உரிய கவனம் கிடைக்காமல் போன ஸ்வீடன் மெட்டல், ராக் ஆல்பங்கள் பத்து சொல்ல முடியுமா? ஸ்வீடிஷ் மொழியில் பாடியவை வேண்டாம், புரியாது. எந்த ஹெட்ஃபோன் நல்லது என்றும் சொல்லுங்கள்.

ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். எல்லா வசதியும் உள்ள பணக்கார நாட்டுப் பையன்களுக்கு இவ்வளவு கோபம் எங்கிருந்து வருகிறது? கோபப்பட நமக்கு ஆயிரம் காரணம் இருக்கிறது. இங்கே அப்படி ஓர் அலை வரவில்லையே?

இப்போது என் மகனும் என்னோடு உட்கார்ந்து கேட்கிறான். டிரம்ஸ் வேண்டும் என்று ஆறு மாதமாக நச்சரிக்கிறான். பத்தாவது முடியட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதம் வந்த அதே வாரம், ஸ்வீடனில் நான் இருந்த ஊரான ஓரெப்ருவிலிருந்து என் பழைய தோழி எழுதியிருந்தாள். நான் குடியிருந்த கட்டடத்தின் நிலவறையில் சலவை அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை உண்டு. அதைக் காலி செய்து சைக்கிள் நிறுத்த விட்டுவிட்டார்களாம். அவள் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் பேரன் கதைக்குப் போய்விட்டாள். எனக்கு அதிலிருந்து மீள நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு நாளில்தான் உங்கள் கடிதத்தைப் படித்தேன்.

முதலில் ஆல்பங்கள். கேண்டில்மாஸ் குழுவின் 'எபிகஸ் டூமிகஸ் மெட்டாலிகஸ்', 1986. உலகம் முழுக்க யார் அதிக வேகமாக வாசிப்பது என்று போட்டி நடந்துகொண்டிருந்த வருடம் அது. ஸ்டாக்ஹோமிலிருந்து லீஃப் எட்லிங் என்ற பேஸ் கிட்டார் வாசிப்பவர், மாட்டு வண்டி வேகத்தில் ஆறு பாட்டு எழுதினார். குழுவில் நிரந்தரப் பாடகர் இல்லை. யோஹான் லங்க்விஸ்ட் என்பவரை அந்த ஒரு ஆல்பத்துக்காக மட்டும் அழைத்துப் பாட வைத்தார்கள். பாடிவிட்டுப் போய்விட்டார். ஆல்பம் விற்கவில்லை, வெளியிட்ட கம்பெனியும் குழுவைக் கைவிட்டது. அடுத்த ஆல்பத்துக்கு வேறு பாடகர் வந்து பெரிய பெயர் எடுத்தார். 2018இல், முப்பத்திரண்டு வருடம் கழித்து, லங்க்விஸ்ட் திரும்பி வந்து அதே குழுவின் பாடகரானார். முதல் பாட்டு 'சாலிட்யூட்'. அந்தக் குரலில் அவசரமே கிடையாது. சாவு வீட்டில் எல்லோரும் அழுது ஓய்ந்தபின் ஒரு பாட்டி மட்டும் தனியாக ஒப்பாரியைத் தொடர்வாள் பாருங்கள், அந்த நிதானம்.

அந்த ஆல்பம் பதிவானது தண்டர்லோட் என்ற ஸ்டுடியோவில். அது ஹெவி லோட் குழுவின் வால்க்விஸ்ட் சகோதரர்களுடையது. இந்தச் சகோதரர்கள் 1978லேயே முதல் ஆல்பம் போட்டவர்கள். அப்போது ஸ்வீடனில் ஹெவி மெட்டல் என்று சொல்லிக்கொள்ள வேறு ஆள் அநேகமாக இல்லை. சொந்தமாக லேபிள், சொந்தமாக ஸ்டுடியோ என்று நடத்தினார்கள். 1983இல் வந்த அவர்களின் 'ஸ்ட்ராங்கர் தேன் ஈவில்' கேளுங்கள். தின் லிஸி என்ற அயர்லாந்து ராக் குழுவின் ஃபில் லைனட் அதில் 'ஃப்ரீ' என்ற பாட்டுக்கு பேஸ் வாசித்திருக்கிறார். ஒரு குழு தனக்காகக் கட்டிய அறையில் இன்னொரு குழு வந்து தன் முதல் ஆல்பத்தைச் செய்தது. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

ஹெட்ஃபோன் கேள்வியை விட்டுவிடுகிறேன். கையில் இருப்பது போதும்.

ஸ்வீடிஷ் மொழி வேண்டாம், புரியாது என்கிறீர்கள். மெஷுகா கேட்கிறீர்களே, அதில் எத்தனை வார்த்தை உங்கள் காதில் விழுந்திருக்கிறது? உறுமுகிற ஆங்கிலம் புரியாவிட்டால் பரவாயில்லை, தெளிவாகப் பாடுகிற ஸ்வீடிஷ் புரியாவிட்டால் ஆகாதா? எனக்கு இந்தக் கணக்கு பிடிக்கவில்லை. நவம்பர் என்று ஒரு மூவர் குழு. 1970இல் 'என் நீ தீத் ஏர் ஹேர்' என்று முதல் ஆல்பம் போட்டார்கள். ஒரு புதிய காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். கனமான கிட்டாரும் இரைச்சலும் ஆங்கிலத்துக்கு மட்டுமே சொந்தம் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தபோது தங்கள் வீட்டு மொழியில் பாடினார்கள். இதைத்தான் முதலில் கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னதற்காகவே சொல்கிறேன்.

சரி, கோபத்துக்கு வருகிறேன்.

நான் ஓரெப்ருவில் இரண்டு குளிர்காலம் இருந்தேன். டிசம்பரில் மூன்று மணிக்கே இருட்டிவிடும். அந்த ஊர் அடுக்குமாடிகளில் துவைக்கும் இயந்திரம் நிலவறையில் பொதுவாக இருக்கும். சுவரில் ஒரு பலகை, அதில் நாளும் நேரமும் குறித்த துளைகள். நம் வீட்டுக்கென்று கொடுத்த சின்னப் பூட்டை எந்தத் துளையில் மாட்டுகிறோமோ அந்த நேரம் நமக்கு. என் நேரம் வியாழக்கிழமை மாலை ஆறு மணி முதல் ஒன்பது வரை.

பக்கத்து அறைக்கு இரும்புக் கதவு. உள்ளே நாலு பையன்கள். முதல் வியாழக்கிழமை பேஸ் கிட்டாரின் அதிர்வு சுவர் வழியாக வந்து சோப்புத்தூள் டப்பாவை நகர்த்தியது. எரிச்சலாக இருந்தது. இரண்டாவது வாரமும் அதே இசைத் துண்டு, மூன்றாவது வாரமும் அதே துண்டு. ஒரே ஒரு பாட்டின் நடுவில் ஓர் இடம். அங்கே தாளம் மாற வேண்டும். டிரம்ஸ் வாசிக்கிற பையன் ஒவ்வொரு முறையும் அங்கே வந்து விழுவான். நிறுத்துவார்கள், மறுபடி முதலிலிருந்து. நவம்பர் போய், டிசம்பர் போய், ஜனவரியும் போயிற்று. எனக்கு அந்தத் துண்டு மனப்பாடம். துணி மடிக்கும்போது அந்த இடம் நெருங்கினால் என் கை தானாக நின்றுவிடும். பிப்ரவரியில் ஒரு நாள் அவன் அதைத் தாண்டிப் போனான். பாட்டு நிற்காமல் ஓடியது. முடிந்ததும் ஒரு நொடி சத்தமே இல்லை. அப்புறம் நாலு பேரும் சேர்ந்து கத்தினார்கள். ஈரப் போர்வையைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதேன்.

அன்று அவர்களில் ஒருவன் கதவைத் திறந்து, சத்தம் தொந்தரவாக இருக்கிறதா என்று கேட்டான். அடிவயிற்றிலிருந்து உறுமிக்கொண்டிருந்தவன் அவன்தான். பதினாறு வயது இருக்கும், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. என் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடி வரை வந்தான். போகும் வழியில் கையில் இருந்த தாளைக் காட்டினான். வருகைப் பதிவேடு! இன்ன தேதி, இத்தனை மணி நேரம், இன்னின்னார் வந்தார்கள். எதற்கு இது என்றேன். நாங்கள் ஒரு படிப்பு வட்டம், இதைக் கொடுத்தால்தான் அறை கிடைக்கும் என்றான்.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஸ்வீடனில் ஸ்டூடியெஃபர்புண்ட் என்று மக்கள் கல்வி அமைப்புகள் உண்டு. தொழிலாளர் இயக்கத்தைச் சேர்ந்த ஆபேஎஃப் 1912இல் தொடங்கியது. சில பேர் கூடி எதையாவது கற்றால் அது படிப்பு வட்டம். நாவல் வாசிக்கலாம், தறி நெய்யலாம், மெட்டலும் வாசிக்கலாம். அரசும் நகராட்சியும் அதற்கு மானியம் தருகின்றன. அமைப்பு அறையும் ஒலிபெருக்கியும் தருகிறது. அதற்கு முன்னாலேயே நகராட்சி இசைப்பள்ளி என்று ஒன்று இருக்கிறது. பள்ளிக் குழந்தைகளுக்கு இலவசமாகவோ சொற்பக் கட்டணத்துக்கோ வாத்தியத்தைக் கையில் கொடுத்து ஆசிரியரையும் வைத்துக் கற்பித்தார்கள். நாடு முழுக்க, சின்ன ஊர்களிலும்.

இப்போது உங்கள் கேள்வியைத் திரும்பப் படியுங்கள். பணக்கார நாட்டுப் பையன்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்! அதைக் கோபம் என்று யார் உங்களுக்குச் சொன்னது? கோபக்காரன் ஒரே இடத்தை மூன்று மாதம் வாசிப்பானா? உறுமல் என்பது தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாமல் கற்க வேண்டிய வித்தை. டிரம்ஸின் இரட்டைப் பெடலைக் கால்கள் மிதித்துப் பழக வருடங்கள் ஆகும். என்டூம்ப்ட் குழு 1990இல் 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' செய்தபோது அந்தப் பையன்கள் இருபது வயதைத் தொடாதவர்கள். மரம் அறுக்கிற மாதிரி வரும் அந்த கிட்டார் ஓசை எப்படி வந்தது தெரியுமா? பாஸ் கம்பெனியின் எச்எம்-2 என்ற, கிட்டார் ஓசையை மாற்றுகிற பெடல். அதில் நாலு திருகு உண்டு. நாலையும் கடைசி வரை திருகி வைத்தார்கள். சன்லைட் ஸ்டுடியோவில் தோமாஸ் ஸ்கூக்ஸ்பெரி அதை அப்படியே பதிவு செய்தார். இதற்கு என்ன கோபம் வேண்டும்? நாலு திருகையும் திருகிப் பார்க்க நேரம் வேண்டும், கதவு சாத்திய ஓர் அறை வேண்டும், ஏண்டா இப்படிக் கத்துகிறாய் என்று வந்து நிற்காத பெரியவர்கள் வேண்டும்.

இருட்டு, குளிர், தனிமை என்று காரணம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதே இருட்டும் குளிரும் உள்ள எத்தனையோ ஊர்களில் இப்படி நடக்கவில்லை. நான் கண்ணால் பார்த்தது அந்த அறையைத்தான். ஹெவி லோட் கட்டிய அறையை மனதில் வைக்கச் சொன்னதும் இதற்குத்தான். அந்த நாடு சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. சமீப வருடங்களில் அந்த மானியத்தை அவர்களே வெட்டியிருக்கிறார்கள். என் தோழி சொன்ன சைக்கிள்களைப் பற்றிப் படித்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

இங்கே ஏன் அலை வரவில்லை என்ற கேள்விக்கு உங்கள் கடிதத்தின் கடைசி வரியே பதில். நான் படித்த பள்ளியில் இரண்டு டிரம் இருந்தன. ஆகஸ்ட் 15க்கும் ஜனவரி 26க்கும் மட்டும் பீரோவிலிருந்து வெளியே வரும். என் வகுப்பில் ஒருவன் எந்நேரமும் பெஞ்சில் தாளம் போடுவான், அவ்வளவு சுத்தமாக. அதற்காக ஸ்கேலால் விரல் முட்டியில் அடி வாங்குவான். டிரம் பத்தடி தூரத்தில் பூட்டிக் கிடந்தது. அவன் கை எப்படி இருந்ததென்று இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. நீங்கள் இருபது வருடமாக இந்த இசையைக் கேட்கிறீர்கள். உங்கள் பிள்ளை அதை வாசிக்க ஆசைப்பட்டதும் அந்த பீரோவைப் பூட்டுகிறீர்கள். பத்தாவது முடிந்தால் பதினொன்று, பிறகு நீட், பிறகு வேலை. எனக்கு உங்கள் மேல் உண்மையாகவே கோபம் வந்தது.

மீதி ஆல்பங்களைச் சொல்லிவிடுகிறேன். எட்ஜ் ஆஃப் சானிட்டியின் 'கிரிம்ஸன்', 1996. ஆல்பம் முழுக்க நாற்பது நிமிடத்துக்கு ஒரே பாட்டு. மனித குலத்தில் குழந்தையே பிறக்காமல் போன ஒரு காலத்தில் அரசனுக்கும் அரசிக்கும் ஒரு மகள் பிறக்கிற கதை. டான் ஸ்வானோ தன் யூனிசவுண்ட் ஸ்டுடியோவில் செய்தது. உங்கள் ஓப்பெத்தின் பாடகர் ஓகர்ஃபெல்ட் அதில் குரல் கொடுத்திருக்கிறார். நடுவில் நிறுத்தினால் கேட்டதாகக் கணக்கில்லை. அட் த கேட்ஸின் புகழ்பெற்ற 1995 ஆல்பத்தை எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் 1992இல் வந்த 'த ரெட் இன் த ஸ்கை இஸ் அவர்ஸ்' கேளுங்கள். வயலின் வரும், பாட்டுகள் கோணல் மாணலாக ஓடும், எனக்கு அந்தக் கோணல்தான் பிடிக்கும். மோர்பஸ் க்ரானின் 'ஸ்வெவன்', 2014. உறுமிப் பாடுகிற டெத் மெட்டல் வகைக் குழு ஒன்று கனவு காண்பதுபோல ஒன்றைச் செய்துவிட்டு, மறு வருடமே கலைந்துவிட்டார்கள். விட்ச்கிராஃப்ட் ஓரெப்ருக்காரர்கள். 2004இல் வந்த முதல் ஆல்பத்தை எழுபதுகளில் பதிவானதுபோலச் செய்திருப்பார்கள். என் ஊர்ப்பாசம் என்று நினைத்தாலும் சரி.

கடைசியாக அனெக்டோட்டனின் 'வேமூட்', 1993. பூர்லெங்க என்ற எஃகு ஆலை ஊரில் கிங் கிரிம்ஸன் என்ற ஆங்கிலேயக் குழுவின் பாட்டுகளை வாசித்துப் பழகிய பையன்கள், செல்லோ வாசிக்கும் ஒரு பெண் வந்து சேர்ந்த பின் சொந்தமாக எழுதியது. மெல்லோட்ரான் என்ற பழைய வாத்தியம் அதில் கடல்போல எழும்பும். வேமூட் என்றால் பழையதை நினைக்கையில் வரும் மெல்லிய துயரம். இதை மகனோடு கேளுங்கள். டிரம்ஸை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் அவனுக்கு ஒரு ஜோடிக் குச்சியும் ஒரு ரப்பர் பேடும் வாங்கிக் கொடுங்கள். டிரம்ஸ் கற்பவர்கள் பலரும் அதில்தான் ஆரம்பிக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகாது, படிப்பும் கெடாது. தினம் அரை மணி நேரம், கதவைச் சாத்திக்கொள்ளட்டும். வாரம் ஒரு நாள் நீங்களும் உள்ளே போய் உட்காருங்கள். எந்த இடத்தில் வந்து அவன் விழுகிறான் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா