ஊட்டியில் வாங்கிய தைலம் குழந்தைக்கு ஆகுமா?

கேள்வி: என் மகனுக்கு 1 வயது 4 மாதம். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து சளி விட்டபாடில்லை. ஊட்டி போயிருந்தபோது நீலகிரி தைலம் பெரிய பாட்டில் ஒன்றும், கூடவே வின்டர்கிரீன் ஆயிலும் வாங்கி வந்தோம். மாமியார் தைலத்தைக் குழந்தையின் மூக்குக்குக் கீழே தடவுகிறார். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி நெஞ்சிலும் தேய்க்கிறார். மாமனார் வெந்நீரில் இரண்டு சொட்டு தைலம் விட்டுக் குடிக்கிறார். முழங்கால் வலிக்கு வின்டர்கிரீன் தேய்க்கிறார். அவர் இதய வால்வு மாற்றிக்கொண்டவர், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். "இலையிலிருந்து எடுத்ததுதானே, என்ன செய்துவிடும்?" என்கிறார்கள். நான் வீணாகப் பயப்படுகிறேனா?
– வாசகி, ஈரோடு

பதில்: வீணான பயம் இல்லை. காரணங்களைப் பிறகு சொல்கிறேன். செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். குழந்தைக்குத் தைலம், கற்பூர எண்ணெய் இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். மாமனார் தைலம் குடிப்பதும் வின்டர்கிரீன் தேய்ப்பதும் இன்றோடு நிற்கட்டும்.

இலையிலிருந்து எடுத்தது என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு இலையிலிருந்து? நூறு கிலோ யூகலிப்டஸ், அதாவது தைல மர இலையை ஆவியில் காய்ச்சி வடித்தால் ஒன்றிரண்டு கிலோ எண்ணெய்தான் கிடைக்கும். நீங்கள் வாங்கிய பாட்டிலில் ஒரு மூட்டை இலையின் காரம் அடைபட்டிருக்கிறது. ஒரு இலையைக் கசக்கி முகர்வதும் இதில் ஒரு ஸ்பூன் உள்ளே போவதும் ஒன்றாகிவிடாது. அதில் பெரும்பகுதி சினியோல் என்ற ஒரே வேதிப்பொருள். இயற்கை தந்தது என்றாலும், உடலுக்குள் போனதும் அது மருந்தாகவே வேலை செய்கிறது. மருந்து என்றால் அளவு உண்டு, ஆகாதவர்களும் உண்டு.

'காலங்காலமாக நம் பாட்டிமார் பயன்படுத்தியது' என்றும் உங்கள் வீட்டில் சொல்லக்கூடும். தைல மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்கு வந்ததே 1843-இல்தான். மலைக் குளிருக்கு விறகு போதவில்லை என்று வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்டார்கள். எண்ணெய் காய்ச்சுவதெல்லாம் அதற்கப்புறம் வந்த தொழில். பழமை ஒரு பொருளுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் ஆகாது என்பது வேறு விஷயம். இதற்கு அந்தப் பழமையும் கிடையாது.

இனி குழந்தை. தைலத்தை முகர்ந்ததும் மூக்கு திறந்துகொண்டது போல நமக்குத் தோன்றுகிறதல்லவா? மூக்கின் உள்தோலில் குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகள் உண்டு. மென்தாலும் சினியோலும் அவற்றைத் தூண்டிவிடுகின்றன. குளிர்ந்த காற்று தாராளமாகப் போவது போல மூளைக்குச் செய்தி போகிறது. மென்தாலை வைத்து மூக்கின் காற்றோட்டத்தைக் கருவியால் அளந்து பார்த்தபோது, அடைப்பு அப்படியேதான் இருந்தது. பெரியவர்களுக்கு அந்த உணர்வே ஒரு நிம்மதி. ராத்திரி தூக்கம் வரும். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றரை வயதுகூட ஆகாத குழந்தைக்கு மூச்சுக்குழாய் குறுகலானது. இந்தக் காரமான பொருள்கள் மூக்குத் துவாரத்தில் படும்போது, சில குழந்தைகளுக்குக் குரல்வளை சட்டென இறுகி மூச்சு நின்று நின்று வரலாம். தடவும் சளி மருந்துகள் பலவற்றில் '2 வயதுக்குக் கீழ் வேண்டாம்' என்று அச்சடித்திருப்பது சும்மா இல்லை. தவிர, மூக்குக்குக் கீழே தடவியதைக் குழந்தை நாக்கால் நக்கும். கையால் தேய்த்துக் கண்ணிலும் அப்பிக்கொள்ளும்.

கற்பூரம் இதைவிட மோசம். சூடம் காட்டும் கட்டி என்பதால் அதை யாரும் விஷமாக நினைப்பதில்லை. வாய் வழியாகப் போனால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரவைக்கும் பொருள் அது. தோல் வழியாகவும் உடலில் சேரும்; சின்னக் குழந்தையின் மெல்லிய தோலில் இன்னும் சுலபமாகச் சேரும். பச்சைக் கற்பூரம் என்றால் பரவாயில்லை என்று நினைக்காதீர்கள், அதுவும் கற்பூரம்தான். தடவும் மருந்துகளில் கற்பூரம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்காவில் 1980-களிலேயே வரம்பு வைத்துவிட்டார்கள். வீட்டில் காய்ச்சும் எண்ணெயில் யார் சதவீதம் பார்க்கிறார்கள்? கைக்கு வந்த கட்டியைப் போடுகிறார்கள், அன்றைக்குச் சளி அதிகம் என்றால் இன்னொன்றும் சேர்த்துப் போடுகிறார்கள். முதல்முறையாக வலிப்பு வந்து கொண்டுவரப்படும் கைக்குழந்தையின் நெஞ்சில் கற்பூர வாசனை அடித்தால், மருத்துவர்களான நாங்கள் அதை முக்கியமான தடயமாகவே எடுத்துக்கொள்கிறோம். பெரியவர்களிலும் யூகலிப்டஸ், கற்பூரம் இரண்டும் வலிப்பைக் கிளப்பிவிடுவதைப் பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் தொடர்ந்து பதிவு செய்திருக்கிறார்கள். வலிப்பு நோய் உள்ளவர்கள் வீட்டில் எந்த வயதினருக்கும் இவை இரண்டும் வேண்டாம்.

பாட்டிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். தைலம் குடித்துவிட்டு மருத்துவமனைக்கு வரும் குழந்தைகளில் பலர் தாங்களாக எடுத்துக் குடித்தவர்கள். தூக்கக் கலக்கத்தில் இருமல் மருந்து என்று நினைத்துப் பெரியவர்களே ஊற்றிக் கொடுத்துவிடுவதும் நடக்கிறது. ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி., ஒரு சின்னக் குழந்தையை நினைவிழக்கச் செய்யப் போதும். அரை மணி நேரத்துக்குள் வாய் எரிச்சல், வாந்தி, தள்ளாட்டம், அப்புறம் மயக்கம் என்று போகும். சில சமயம் சில மணி நேரம் கழித்தும் தொடங்கும். அதனால் 'இப்போது நன்றாகத்தானே இருக்கிறான்' என்று வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. அப்படி ஏதாவது நடந்தால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீரும் கொடுக்காதீர்கள். வாந்தியோடு எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியாவில் முடியும். பாலும் வேண்டாம். பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள்.

சரி, மாமனாரிடம் வருவோம். இரண்டு சொட்டு உடனே ஆளைக் கவிழ்த்துவிடாது. ஆனால் சொட்டு என்பது பாட்டிலின் வாயைப் பொறுத்தது. கை கொஞ்சம் சாய்ந்தால் இரண்டு பத்தாகும். எண்ணெய் நீரில் கரையாமல் மேலே மிதப்பதால், முதல் மடக்கிலேயே மொத்தமும் தொண்டையைச் சுடும். பெரியவர்களுக்கே சில மி.லி. அளவில் மயக்கம் வந்த நிகழ்வுகள் உண்டு. 'ஜெர்மனியில் சைனஸுக்கு மருந்தாகவே கொடுக்கிறார்களாமே' என்று அவர் கேட்டால், ஆமாம், கொடுக்கிறார்கள். அது சுத்திகரித்த சினியோலை 100, 200 மில்லிகிராம் என்று அளந்து, வயிற்றைத் தாண்டிக் குடலில் போய்க் கரையும்படி செய்த கேப்சூல். கடைத்தெருவில் வாங்கிய பாட்டிலோடு அதை ஒப்பிட முடியாது.

அவர் விஷயத்தில் எனக்குத் தைலத்தைவிட வின்டர்கிரீன்தான் அதிகக் கவலை. நீங்கள் கேள்வியில் அதைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அந்த எண்ணெய் ஏறக்குறைய முழுக்க மெத்தில் சாலிசிலேட்; ஆஸ்பிரினின் நெருங்கிய உறவு. ஒரு டீஸ்பூனில் சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமமான சரக்கு இருக்கிறது, அதாவது சாதாரண ஆஸ்பிரின் மாத்திரை இருபதுக்கு மேல். குழந்தை வாயில் அது போனால் உயிருக்கே ஆபத்து. தோலில் தேய்த்தாலும் ரத்தத்தில் சேரும். சூடு பறக்கத் தேய்த்து, மேலே துணி சுற்றி, வெந்நீர் ஒத்தடமும் கொடுத்தால் இன்னும் கூடுதலாகச் சேரும். வால்வு மாற்றியவர்களுக்குக் கொடுக்கும் வார்ஃபரின், அசெனோகுமரால் போன்ற மாத்திரைகளோடு இது சேரும்போது ரத்தம் அளவுக்கு மீறி இளகி, உள்ளுக்குள் கசிவு ஏற்படலாம். அதற்காக வால்வு மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம், அது பெரிய ஆபத்து. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையை இந்த வாரமே செய்து, தேய்த்த விஷயத்தையும் அவருடைய இதய மருத்துவரிடம் சொல்லுங்கள். பல் ஈறில் ரத்தம், காரணமில்லாமல் தோலில் நீலத் திட்டுகள், கறுப்பாக மலம் போவது, கடுமையான தலைவலி – இவற்றில் ஏதாவது இருந்தால் பரிசோதனைக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

தைலமே வேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லை. வலிப்பு, ஆஸ்துமா இல்லாத பெரியவர்கள் கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டு முகரலாம். உடம்பு வலிக்கு ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெயில் இரண்டு மூன்று சொட்டு கலந்து தேய்க்கலாம். நேராகப் பூசினால் சிலருக்குத் தோல் சிவந்து எரியும். ஆவி பிடிக்க வெறும் வெந்நீரே போதும். குழந்தைக்கு ஆவியே வேண்டாம். கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்து வரும் பிள்ளைகளைப் பார்த்தால் அந்த யோசனையே யாருக்கும் வராது.

உங்கள் மகனின் சளிக்கு என்ன செய்வது? இந்த வயதில் வருடத்துக்கு ஆறேழு முறை சளி பிடிப்பது சாதாரணம், வீட்டில் பள்ளி போகும் பிள்ளை இருந்தால் அதற்கு மேலும். மருந்துக் கடையில் கிடைக்கும் சலைன் மூக்குச் சொட்டு மருந்தை, பால் கொடுப்பதற்கும் தூங்க வைப்பதற்கும் முன்னால் இரண்டு துவாரத்திலும் விடுங்கள். அது வெறும் உப்புத் தண்ணீர்தான், ஆனால் சளியை இளக்கி வெளியேற்றும். தாய்ப்பாலோ வெதுவெதுப்பான நீரோ கஞ்சியோ அடிக்கடி கொடுங்கள். ஒரு வயது தாண்டிவிட்டதால் இரவில் இருமலுக்கு அரை டீஸ்பூன் தேன் கொடுக்கலாம். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 40-ஐத் தொட்டாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே பள்ளம் விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மாமியாரிடம் 'உங்கள் வைத்தியம் தப்பு' என்று ஆரம்பித்தால் சண்டைதான் மிஞ்சும். நெஞ்சில் எண்ணெய் தேய்ப்பதை அவர் நிறுத்த வேண்டியதில்லை. கற்பூரம் போடாத வெறும் தேங்காய் எண்ணெயை வெதுவெதுப்பாக்கித் தேய்க்கட்டும். குழந்தைக்கு இதமாக இருப்பது அந்தக் கைதான், அதில் எந்தக் கெடுதலும் இல்லை.

அந்தப் பெரிய பாட்டிலைக் கொட்ட மனசு வராது என்று தெரியும். அடுப்புக்குத் தள்ளி, பூட்டு உள்ள அலமாரியில், மற்ற மருந்துகளோடு சேராமல் வையுங்கள். சட்டென்று தீப்பிடிக்கும் எண்ணெய் அது. எவர்சில்வர் பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் பசையை நீலகிரி தைலம் மாதிரி எதுவும் எடுக்காது. வின்டர்கிரீனை மட்டும், உங்கள் வீட்டு நிலைமையில், வைத்துக்கொள்ளவே வேண்டாம்.