தான்யா தகாக் தனியாகப் பாடினால் அது மரபு இல்லையா?

"தான்யா தகாக் என்ற எஸ்கிமோ பாடகி பாட்டு, ஓவியம், நாவல் என்று எல்லாவற்றிலும் இறங்குகிறார். இதனால் அவருடைய மரபு நீர்த்துப் போகாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்று. 'எஸ்கிமோ' வேண்டாம், இனுயிட் என்று எழுதுங்கள். கனடாவின் வட துருவப் பகுதியில் வாழும் அந்தப் பூர்வகுடி மக்கள் பலருக்கு 'எஸ்கிமோ' காயப்படுத்தும் சொல். அப்புறம், நீங்களும் ஏதோ ஒரு பழைய கலையைக் கற்று, கொஞ்சம் மாற்றிச் செய்து, பெரியவர்களிடம் ஏச்சு வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

தகாக்கின் பாட்டுக்கு வேர் கதாஜ்ஜாக். இரண்டு பெண்கள் நேருக்கு நேர் நின்று, ஒருத்தி விடும் இடைவெளியில் மற்றவள் தொண்டையிலிருந்து ஒலி எழுப்பும் விளையாட்டு. முதலில் சிரித்தவள் தோற்றாள். பாதிரிமார் பல இடங்களில் இதைத் தடுத்துவிட்டார்கள். தகாக் 1975இல் கனடாவின் வடக்கே, நூனவுட்டின் கேம்பிரிட்ஜ் பேயில் பிறந்தவர். ஊரில் இருந்தபோது இதைக் கற்கவில்லை. தூரத்து ஹாலிஃபாக்ஸில் ஓவியம் படிக்கும்போது, அம்மா அனுப்பிய கசெற்றைக் கேட்டுப் பழகினார். எதிரே நிற்க ஆள் இல்லை. தனியாகவே பாடினார்.

இந்த இடம்தான் என்னைத் தொட்டது. 1990களில் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் என் அம்மம்மா இறந்தபோது நாங்கள் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்தோம். போக வழியில்லை. செத்தவீட்டில் யாரோ பதிவுசெய்த கசெற் ஒன்று பல கை மாறி, மாதங்கள் கழித்து வந்தது. ஒப்பாரி என்றால் பெண்கள் கட்டிப்பிடித்து ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சொல்வது. அம்மா அடுக்குமாடி வீட்டின் தரையில் ரேப் ரெக்கோடர் முன்னால் தனியாகக் குந்தியிருந்தார். கசெற்றில் மாமி மூச்சு வாங்கும் இடத்தில் தன் வரியை எடுத்தார். பக்கத்து வீட்டார் சுவரைத் தட்டினார்கள். அம்மா குளியலறைக்குள் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுத் தொடர்ந்தார். எனக்கு அப்போது 14 வயது. வெட்கமாக இருந்தது. அதற்காக இன்று வரை வருந்துகிறேன்.

அது ஒப்பாரி இல்லை என்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம்.

கதாஜ்ஜாக் சிரிப்பு விளையாட்டு, ஒப்பாரி சாவுக்குரியது, இரண்டையும் எப்படி ஒப்பிடலாம் என்று சண்டைக்கு வருவீர்கள். தெரியும். நான் சொல்வது, எதிரே ஆள் இல்லாமல் போனதைப் பற்றி. தகாக் பாடும் முறையை ஏற்காத இனுயிட் மக்களும் இருக்கிறார்கள். அது அவர்கள் வீட்டுப் பேச்சு, நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை.

ஆனால் அவர் செய்ததைப் பாருங்கள். இனுயிட் வாழ்க்கை என்று வெளியார் ஒருவர் 1922இல் எடுத்த மௌனப் படம் 'நானூக் ஆஃப் த நார்த்'. 2012இல் ரொறன்ரோவில் அந்தப் படம் ஓட ஓட, மேடையில் நின்று தன் குரலால் அதற்குப் பதில் சொன்னார். 2014இல் 'அனிமிசம்' என்ற பாடல் தொகுப்புக்குக் கனடாவின் பொலாரிஸ் இசைப் பரிசு கிடைத்தது. அந்த விழாவில் அவர் பாடும்போது, காணாமல் போன, கொல்லப்பட்ட பூர்வகுடிப் பெண்கள் சுமார் 1,200 பேரின் பெயர்கள் பின்னால் திரையில் ஓடின. 2018இல் வந்த அவருடைய நாவலில் உரைநடையும் கவிதையும் கலந்தே வருகின்றன. தொண்டைக்கு வராதது எழுத்தில் வரும், எழுத்துக்கு வராதது கோட்டில் வரும். இதில் நீர்த்துப்போக என்ன இருக்கிறது?

நம்மவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இங்கே ஒரு தமிழிசைப் போட்டியில் அம்மம்மாவின் தாலாட்டைப் பாட என் மகள் பெயர் கொடுத்தாள். "நாட்டார் பாடலுக்குப் பிரிவு இல்லை, கீர்த்தனை இருந்தால் பாடட்டும்" என்றார்கள். அன்றைக்கு அவள் பாடவே இல்லை. நானும் வாதாடாமல் வந்துவிட்டேன்.

அந்தக் கசெற் என்னிடம் இருக்கிறது. நாடா இரண்டு இடத்தில் அறுந்து ஒட்டியது. மகள் அதைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறாள். மாமி மூச்சு வாங்கும் இடங்கள் அப்படியே இருக்கின்றன. அங்கே அம்மா எடுத்த வரிகளை யாரும் பதிவுசெய்யவில்லை.