எலி, பூனை, இரண்டு ஜெர்த்ரூத்

அன்புள்ள ஐயா,

அம்மா இரவு செபம் முடிந்ததும், இறந்தபின் பாவம் தீரக் காத்திருக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்காக ஜெர்த்ரூத் அம்மாள் செபம் சொல்வார். போன வாரம் என் மகள் போனில் ஒரு படம் காட்டினாள். கன்னியர் உடையில் ஒரு பெண், மடியில் பூனை. கீழே ‘பூனைகளின் பாதுகாவலி புனித ஜெர்த்ரூத்’ என்று இருந்தது. அம்மாவுக்குக் கோபம். தேடிப் படித்தேன். ஏழாம் நூற்றாண்டு, பிரபு குடும்பம், கல்யாணத்தை மறுத்தார், மடத்துக்குத் தலைவியானார். எல்லாப் புனிதைகளின் கதையும் இதே அச்சில்தானே இருக்கிறது? இதில் எதை நம்புவது?

எஸ்., தூத்துக்குடி

அன்புள்ள எஸ்.,

முதலில் அம்மாவைச் சமாதானப்படுத்துங்கள். அவர் சொல்லும் செபம் ஜெர்மனியின் ஹெல்ஃப்டா மடத்தில் இருந்த ஜெர்த்ரூத்தின் பெயரில் வழங்குவது. அவர் பிறந்தது 1256-இல். படத்தில் இருப்பவர் அவருக்கு அறுநூறு ஆண்டு மூத்தவர், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள நிவேல் மடத்தின் தலைவி. பூனை அவரிடம் நேற்று வந்து ஒட்டிக்கொண்டது. பழைய ஓவியங்களில் இருப்பவை எலிகள். அவர் பிடித்திருக்கும் கோலில் ஏறிக்கொண்டிருக்கும். எலித்தொல்லை தீர அவரிடம் வேண்டிக்கொண்டார்கள். எலி இருக்கும் இடத்துக்குப் பூனை வராமல் போகுமா? அந்த எலிகளே உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்கள்தான் என்று பொருள் சொன்னவர்களும் உண்டு. இதை அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள், கோபம் கொஞ்சம் தணியலாம்.

அச்சு என்று நீங்கள் சொல்வது சரிதான். புனிதர் வரலாறு எழுதிய துறவிகளுக்கு ஒரு வாய்பாடு இருந்தது. ஆனால் ஜெர்த்ரூத்தின் வரலாற்றை எழுதியவர் அந்த மடத்தை உள்ளிருந்து அறிந்தவர். ஜெர்த்ரூத் இறந்து பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் எழுதிவிட்டார். வாய்பாட்டுக்குத் தேவைப்படாத விஷயங்கள் அவரையும் மீறி உள்ளே வந்து விழுந்திருக்கின்றன. நான் நம்புவது அவற்றைத்தான்.

கல்யாண மறுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா பெப்பின், பிராங்கியரின் கிழக்கு நாட்டில் அரசர் பெயரால் நிர்வாகத்தை நடத்தியவர். அவர் வீட்டு விருந்துக்கு அரசர் டகோபர்ட் வருகிறார். கூடவே ஒரு பிரபுவின் மகன், பொன்னிழை வேய்ந்த பட்டுடுத்தி. இவனைக் கட்டிக்கொள்கிறாயா என்று சிறுமியைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். புனிதை என்றால் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு மெல்ல மறுக்க வேண்டும். இவளோ வெறி வந்தவள்போல ஆத்திரப்பட்டு, ஆணையிட்டு, இவனும் வேண்டாம் எவனும் வேண்டாம், கிறிஸ்துவே போதும் என்கிறாள். பையன் அவமானத்தில் கொதித்துக்கொண்டு போகிறான்.

பெப்பின் 640-இல் இறந்துபோகிறார். விதவை இத்தா, மணமாகாத மகள், ஏராளமான நிலம். அந்தப் பெண்ணைக் கைப்பற்றுகிறவனுக்கு நிலமும் செல்வாக்கும் சேர்ந்தே வரும். ஆயர் அமாந்துஸின் யோசனைப்படி இத்தா நிவேலில் மடம் கட்டுகிறார். அதற்கும் எதிர்ப்பு, ஏச்சு. மகளை யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் வேறு. ஒருநாள் நாவிதன் கத்தியைத் தானே எடுத்து மகளின் முடியைக் கிரீடம் போல வட்டமாக அரிந்துவிடுகிறார். வரலாறு எழுதிய துறவி இதைப் பக்தியோடு சொல்கிறார். எனக்கென்னவோ அந்தக் கத்தியைப் பிடித்த கையின் அவசரம்தான் தெரிகிறது. முடி போனால் பெண் கல்யாணச் சந்தையில் இல்லை. நிலம் மடத்தின் பெயரில் பத்திரமாக இருக்கும்.

அப்படியென்றால் எல்லாமே சொத்துக் கணக்குதானா என்று கேட்பீர்கள். பாதி அப்படித்தான். தாய்க்குப் பின் தலைவியான ஜெர்த்ரூத் வெளி நிர்வாகத்தை மடத்துத் துறவிச் சகோதரர்களிடமும் உள் நிர்வாகத்தைக் கன்னியர் சகோதரிகளிடமும் விட்டுவிட்டு வாசிப்பில் மூழ்கினார். ரோமிலிருந்து புத்தகங்கள் தருவித்தார், கடல் கடந்த நாடுகளிலிருந்து ஆசிரியர்களை வரவழைத்தார். அயர்லாந்துத் துறவிகளுக்கு ஃபோஸ் என்ற ஊரில் மடம் அமைத்துக்கொள்ள நிலம் கிடைத்தது நிவேலின் தயவில்தான். உபவாசத்தில் உடம்பு உருக்குலைந்து போனதும் பொறுப்பை அண்ணன் மகள் வுல்ஃபத்ரூத்திடம் கொடுத்தார். அவளுக்கு வயது இருபது. பின்னர் அந்த அண்ணன் அதிகாரச் சண்டையில் வீழ்ந்தபோது, அரசர்களும் அரசிகளும் ஏன் குருக்களும்கூட அவளை மடத்திலிருந்து இழுத்தெறியப் பார்த்தார்கள். அவள் அசையவில்லை. ஜெர்த்ரூத்தின் அக்காள் பெக்காவோ கல்யாணம் செய்துகொண்டாள். அவள் மகனுடைய கொள்ளுப்பேரன்தான் பேரரசர் சார்லமேன்.

மற்றப் பாதி ஜெர்த்ரூத்தின் சாவில் இருக்கிறது. 659, மார்ச் மாதம், வயது 33. எப்போது போவேன் என்று ஃபோஸ் மடத்துத் துறவி உல்தானிடம் ஆளனுப்பிக் கேட்கிறார். நாளைக்கு, பூசை நேரத்தில், பயப்படாதே, அயர்லாந்தின் புனித பாட்ரிக் உன்னை எதிர்கொண்டு அழைக்கக் காத்திருக்கிறார் என்று பதில் வருகிறது. மறுநாள் மார்ச் 17, பாட்ரிக் திருநாள். இது வாய்பாடாகவே இருக்கட்டும். ஆனால் உடலுக்கு எதைப் போர்த்த வேண்டும் என்று அவர் சொல்லிவைத்தது அப்படியல்ல. கம்பளி வேண்டாம், லினன் வேண்டாம். அடியில், உடம்பை வருத்த அணியும் தன் முரட்டு மயிராடை. தலைக்கு ஒரே ஒரு மலிவான பழந்துணி. எப்போதோ ஒரு யாத்திரைக் கன்னியாஸ்திரி, தலையை மூடிக்கொள் என்று அனுப்பிவைத்தது.

பெப்பினின் மகள் அதை அத்தனை நாளும் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். கொடுத்தவளின் பெயரைத் துறவி எழுதவில்லை.