வீட்டை அடகு வைத்து கேமை முடிக்கலாமா?

வைக்காதீர்கள். 12 லட்சம் தீர்ந்து, நீங்கள் உருவாக்கும் வீடியோ கேம் பாதியில் நிற்கிறது, இன்னும் 8 லட்சம் கடன் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடனைக் கூட்டுவதைவிட லெவல்களைக் குறையுங்கள்.

செலவு எகிறியதற்குக் காரணம் பெரும்பாலும் வேலை இழுத்து, சம்பளம் தர வேண்டிய மாதங்கள் கூடியதுதான். கடைசியாக முடித்த லெவலுக்கு, பிழை திருத்திய நாட்களையும் சேர்த்து, உண்மையில் எத்தனை நாள் ஆனது? அதை மீதி லெவல்களால் பெருக்கிப் பாருங்கள்.

அப்புறம் விற்பனைக் கணக்கு. 500 ரூபாய்க்கு விற்றால், கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமின் 30% பங்கு போக 350. மொத்தம் 20 லட்சம் திரும்ப வர 5,700 பிரதிகளுக்கு மேல் போக வேண்டும், அதுவும் வரி, தள்ளுபடி சேர்க்காமலே. இரண்டு மணி நேரத்துக்குள் ஆடிவிட்டு 14 நாளில் பணத்தைத் திரும்பக் கேட்பவர்களும் உண்டு. அந்த நேரத்துக்குள் ஆடி முடித்துவிடக்கூடிய சின்ன கேமுக்கு இது ரொம்ப வலிக்கும்.

பப்ளிஷர், அதாவது கேமை வெளியிடும் நிறுவனம், முன்பணம் தந்தால் நிலைமை வேறு. ஆனால் விற்பனை வருமானத்தில் அந்த முன்பணத்தை முழுதாகக் கழித்த பிறகே உங்கள் பங்கு என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா, பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.